மாணிக்கம் தராத பந்து

1958 பிப்ரவரி 22, சனிக்கிழமை

முழங்கால் உடைந்து நான்கு மாதம் கழித்து, இன்று அரையிறுதியில்தான் ஹாக்கி மட்டையைத் தொட்டேன். இதுவரை என் இடத்தில் ஆடிய மாணிக்கத்தை ஓரத்துக்கு மாற்றினார்கள். அவன் எனக்கு ஒரு பந்துகூடத் தரவில்லை. இடைவேளையில் கேட்டேன்.

“நொண்டிக்கு எதுக்குலே பந்து? வீட்லயே கெடக்க வேண்டியதுதான?” என்றான். கேப்டன் காதில் விழாததுபோல் தண்ணீர் குடித்தார்.

கடைசி நிமிடத்தில் அவன் மட்டையிலிருந்த பந்தை நானே பறித்துக் கோலுக்குள் அடித்தேன். ஜெயித்தோம். எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். மாணிக்கம் மட்டும் என் முழங்காலையே வெறித்துக்கொண்டு நின்றான்.

இப்போது அது பானையாக வீங்கிக் கிடக்கிறது. ஒத்தடத்துக்கும் அடங்கவில்லை. நாளை இறுதி ஆட்டம். கேப்டனிடம் உண்மையைச் சொன்னால் மாணிக்கம் என் இடத்தில் ஆடுவான்.

சொல்ல மாட்டேன்.