அலமாரிக்கு மேலே ஒரு டிபன் பாக்ஸ்

என்னங்க, உங்கள் கைக்குட்டை கொடியில் காய்கிறது. ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட அந்த வெள்ளைக் கைக்குட்டைதான். நீங்கள் போன நாளிலிருந்து அது என் கைப்பையில் கிடக்கிறது. நேற்று வெயிலில் பேரன் தலை கொதித்தது என்று அதை நனைத்துப் போட்டுவிட்டேன். ஈரத் துணியும் பிள்ளையின் வேர்வையும் கலந்து ஒரு வாசனை வந்தது. அப்போதிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று மலரும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் பழைய மகாலுக்குக் கிளம்பினார்கள். என்னையும் விடவில்லை. ராணி தர்பார் நடத்திய இடம், இப்போது மியூசியம், உங்களுக்குத் தெரியாததா. சித்திரை மாதம் மத்தியானத்தில் யாராவது கிளம்புவார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள், அச்சு அசல் உங்கள் குரலில். ஸ்ரீரங்கத்து பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பேரன் தண்ணீர் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

நாம் நாலு பேருமாக இதே மகாலுக்குப் போனோமே, அன்றைக்கும் இதே மாதிரி ஒரு வெயில். நாம் அப்போது காட்டூரில் இருந்தோம். மலருக்கு ஐந்து வயது, அவள் தம்பி கைக்குழந்தை. தண்ணீர் பாட்டிலை நீங்கள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினீர்கள். "நல்லவேளை, பிள்ளைங்களையாவது மறக்காம இறக்கினீங்க" என்று சொன்னேன். நடுரோட்டில் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். மகால் வாசல் வந்ததும், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று கல் சிலைகள் பக்கத்தில் இருந்த மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நான் தனியாக உள்ளே போனேன். வாளையும் பீரங்கிக் குண்டையும் யார் பார்த்தார்கள், எனக்கு வந்த கோபத்தில். திரும்பி வரும்போதும் நீங்கள் அதே முதுகோடு அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் பேசிக்கொண்டோம், அது வேறு. ஆனால் அதற்குப் பிறகு நாம் நாலு பேருமாக எங்கேயும் போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அந்த நாள் என்றால் எனக்கு உங்கள் முதுகுதான். ஒரு எட்டு உள்ளே வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இத்தனை வருஷமும் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். உங்களுக்குக் கேட்டதோ என்னவோ.

நேற்று தர்பார் மண்டபத்தில், பாடம் செய்த பறவைகள் வைத்திருந்த உயரமான கண்ணாடி அலமாரி முன்னால் மலர் நின்றுவிட்டாள். பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்கதான் தாத்தா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டாங்க. கைக்குட்டைய நனைச்சு, நாலு மூலையிலயும் முடிச்சுப் போட்டு, தொப்பி மாதிரி தலையில வச்சுவிட்டாங்க. தண்ணி முதுகுல வழிஞ்சுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதை எங்கிட்ட சொன்னதே இல்லையேடி" என்றேன்.

"நீதான் இந்த மகால் பேச்ச எடுத்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியேம்மா. அப்பாவப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கிறதே இது ஒண்ணுதான். வேற எதுவும் இல்ல."

'அப்பா உள்ளேயே வரலடி' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் பேரன் கேட்டான், "மேலேருந்து என்னம்மா தெரிஞ்சுது?"

"இந்த அலமாரிக்கு மேல ஒரு டிபன் பாக்ஸ் இருந்துச்சு, துணியில மூட்டை கட்டி. தாத்தா சொன்னாங்க, 'ராணி சாப்பாட்ட மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. தொட்றாத, வந்து கேப்பாங்க'ன்னு."

அது நீங்கள் பேசுகிற பேச்சுதான். அப்படிச் சொல்ல இந்தத் திருச்சியில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் நீங்கள்தான் வெளியே உட்கார்ந்திருந்தீர்களே. என் கண்ணால் பார்த்தேனே. அந்த அலமாரியின் உச்சியை நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன், எனக்கே எட்டவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்திருந்தால் யாரோ தோளில் தூக்கியிருக்க வேண்டும். நான் தூக்கவில்லை. வாட்ச்மேன் தூக்கியிருப்பாரோ? டிபன் பாக்ஸ் அவருடையதாகத்தான் இருக்கும், விளையாட்டாக அவரே சொல்லியிருக்கலாம். அப்படியானால் கைக்குட்டை? அதை என் பையில் பார்த்துப் பார்த்து இவளாகவே சேர்த்துக்கொண்டாளோ?

அங்கே நிற்கும்போதே எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சின்னவன் அழுதான் என்று ஒரு தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். அந்த நேரத்தில் மலர் யார் கையில் இருந்தாள்? கடைசி வரை என் கையில்தான் இருந்தாள் என்று நேற்றுக் காலை வரை சத்தியம் செய்திருப்பேன். பால் கொடுத்தது அன்றைக்குத்தானா, வேறொரு நாள் ஏதாவது கோயிலிலா, அதுவும் தெரியவில்லை. நீங்கள் உள்ளே வந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் நானே அந்தத் தூணைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டேனோ என்னவோ. ஒன்று மட்டும் சொல்வேன். யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து, மகளைத் தூக்கி வேடிக்கை காட்டிவிட்டு, நான் பார்ப்பதற்குள் ஓடிப்போய் அதே வீம்போடு முதுகைக் காட்டி உட்காரக்கூடிய ஆள்தான் நீங்கள்.

நான் தூண்களையே மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு மலர் முகம் மாறிவிட்டது. "அப்பாதானேம்மா? உள்ள வந்தாங்கல்ல?" என்றாள். முப்பத்தைந்து வயதுப் பெண், இரண்டு பிள்ளை பெற்றவள், ஐந்து வயதுக்காரி மாதிரி என் வாயையே பார்த்தாள்.

"வந்தாங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது.

மாப்பிள்ளை பேரனைத் தோளில் தூக்கிக் காட்டினார். "தூசிதான் இருக்கு அம்மாச்சி" என்றான் அவன். வெளியே வந்து, குழாயில் கைக்குட்டையை நனைத்து, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டு அவன் தலையில் வைத்தேன். முடிச்சுப் போட்டது மலர் சொல்லித் தெரிந்ததா, நீங்கள் போட்டு எப்போதோ பார்த்ததா என்று கேட்காதீர்கள்.

அவளுக்கு உங்கள் தோளிலிருந்து பார்த்த உச்சந்தலை. எனக்கு முதுகு. அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கைக்குட்டை காய்ந்துவிட்டது, மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். இத்தனை நாளும் அதைத் தொட்டால் முதலில் உங்கள் மேல் கோபம் வரும், அதன் பின்னாலேயே நீங்கள் வருவீர்கள். இனிமேல் கோபப்படலாமா, கூடாதா? கோபம் இல்லாமல் உங்களை நினைத்து எனக்குப் பழக்கமில்லையே.