கைரியாவுக்குப் பார்த்த வீடு

கண்டி
ஹிஜ்ரி 1287, ஷஃபான் பிறை 6

அல்லாஹ்வின் பெயரைக் கொண்டு தொடங்குகிறேன். காயல்பட்டினத்தில் மதிப்போடு இருக்கும் ஸக்கியா லாத்தா அவர்களுக்கு, கண்டியிலிருந்து ருக்கியா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீங்களும் உங்கள் உம்மாவும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். மகள் கைரியாவின் சுகத்துக்குத் தனியாகக் கேட்கிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதல் கடிதம் என்றால் முறைப்படி சொல்லிவிட வேண்டும். உங்களை நிக்காஹ் செய்த மாப்பிள்ளை ஸெய்னுலாப்தீன் அவர்களே எனக்கும் மாப்பிள்ளை. நீங்கள் முந்தியவர், நான் பிந்தியவள். எங்கள் பக்கம் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். உங்கள் ஊரில் லாத்தா என்பார்களாம். அப்படியே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வாசிக்க லேசாக இருக்கும் என்று அரபு எழுத்தில், அரபுத் தமிழிலேயே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். கைரியாவுக்கு நெஞ்சில் சளி, இராவெல்லாம் இருமல், மலைநாட்டுக் குளிரில் மூன்று மாதம் வைத்திருந்தால் தேறுவாள் என்று ஹகீம் சொல்லியிருக்கிறார். ஆரோக்கியமான, சத்தமில்லாத இடமாக ஒரு வீடு வேண்டும். மதில் உயரமாக இருக்க வேண்டும். தெருப்பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது. அந்தப் பொம்பளை இருக்கிற தெருவாகவும் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி வரியை அவர் விழுங்கப் பார்த்தார். நான் கடிதத்தை வாங்கி நானே வாசித்துக்கொண்டேன். எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூட்டி எழுதியிருப்பேன்.

உங்கள் தெருவில் இதுவரை கப்பலேறிய பொம்பளை கிடையாது என்று அவர் சொன்னார். பிள்ளைக்காக நீங்கள் ஏறத் துணிந்திருக்கிறீர்கள். ஊர் என்ன பேசும் என்பதும் உங்களுக்குத் தெரியாமலிருக்காது. அப்படி வருகிறவருக்குக் கண்ட வீட்டைப் பிடித்துக் கொடுக்க முடியாது. மாப்பிள்ளைக்கோ வீடு பார்க்கத் தெரியாது, அரிசி மூட்டை அடுக்க இடம் பார்க்கத்தான் தெரியும். அதனால் நான் பார்க்கிறேன்.

முதலில் அவர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மதில் இரண்டு ஆள் உயரம். தெருப்பக்கம் கை நுழைய ஒரு துவாரம்கூட இல்லை. “ஸக்கியா கேட்ட மாதிரியே இருக்குதே, இன்னும் என்னத்த வேணும்?” என்றார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்காமல் இந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று சொன்னேன். மறுநாள் பசியோடு போய் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வீடு ஈரம். அந்தத் தெருவை எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, ரயிலடிக்குக் கிட்ட. வீடு புதிது, சுவர் காய்ந்த சுவர். ஆனால் இது கோப்பிக் காலம். தோட்டங்களிலிருந்து மூட்டை ஏற்றிய மாட்டுக் கரத்தைகள் விடியுமுன்னே இறங்கத் தொடங்கும். மாட்டுக்காரர்களின் வாய் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்காது. பக்கத்தில் உமி நீக்குகிற ஒரு கோப்பி ஸ்டோர். அங்கே கொட்டை பொறுக்குகிற நல்லம்மா என்ற தோட்டத்துப் பொம்பளையிடம் விசாரித்தேன். “நோயாளிப் புள்ளையவா இங்க கொண்டாரப் போறீங்க? இந்த உமித் தூசி எங்க நெஞ்சையே அடைச்சு வச்சிருக்குங்க. நாங்க வவுத்துக்காக இருமுறோம், அந்தப் புள்ள எதுக்கு இருமணும்?” என்றாள். அத்தோடு அந்த வீடும் போயிற்று.

பேராதனையில் ஒரு வீடு. சத்தமே கிடையாது. விசாலமான வீடு, பெரிய கிணறு. நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால், ஆற்றிலிருந்து எழுந்த பனி முற்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, வெயில் ஏறியும் எழுந்து போகவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழுந்த பிள்ளை மத்தியானம் லுஹர்வரை அதைத்தான் மூச்சில் இழுக்க வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

காற்றுக்கும் அமைதிக்கும் அம்பிட்டியப் பக்கம்தான் நல்லது. மேடு, தண்ணீர் தங்காது, விடிந்ததும் வெயில் விழும். ஆனால் அங்கே மதில் வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. மலைச் சரிவில் மதில் கட்டினால் அடுத்த மழைக்குக் கீழே உள்ளவனின் முற்றத்தில் கிடக்கும். ஆகையால் லாத்தா, மதில் வேண்டுமா காற்று வேண்டுமா என்று ஒரு முடிவு எழுதுங்கள். கண்டியில் இரண்டையும் ஒரே வீட்டில் நான் இதுவரை காணவில்லை. பிள்ளைக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். யாருடைய ஸலாம் என்று கேட்டால், வீடு பார்க்கிறவளுடையது என்று சொன்னால் போதும்.

துஆவுடன்,
ருக்கியா


கண்டி
ரமலான் பிறை 11

அல்லாஹ்வின் அருள் நிறைந்த இந்த மாதத்தில் ஸக்கியா லாத்தா அவர்களுக்கு ருக்கியாவின் ஸலாம். நோன்பு இங்கே குளிரோடு போகிறது. மழை விட்டபாடில்லை. பெருநாளுக்குப் பிறகு வானம் வெளுக்கும், நீங்கள் வருவதற்கும் அதுதான் காலம்.

உங்கள் பதில் கிடைத்தது. மதில்தான் வேண்டும், காற்றை அல்லாஹ் தருவான், உங்கள் உம்மா அதற்குக் குறைந்து சம்மதிக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நான் உனக்கு லாத்தா இல்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேறு எப்படி அழைப்பது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. கடிதம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். கடைத்தெரு வீட்டை மறுபடியும் பேசிவிடலாம் என்று சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். நான் வாசலில் நின்றுகொண்டேன். அந்த வீட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அவர் சொல்லியிருக்க மாட்டார், ஆகவே நான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். மர்யம் என்று பெயர். நிக்காஹ் முடிந்ததும் அவர் என்னைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்தார். இப்போது உங்களுக்குப் பார்த்தாரே, அதற்கு இரண்டு வீடு தள்ளி. உங்கள் ஊரில் பொம்பளைகள் இருக்கிற முறையில் நானும் இருக்க வேண்டும் என்று, மதிலும் மூடிய சுவருமாகத் தேடிப் பிடித்த வீடு. உங்கள் ஊரில் அது சரிதான். அங்கே மணல் தரை, வெயிலும் காற்றும் மேலிருந்து கொட்டுகிறது, பொம்பளைகள் நடக்கத் தனி முடுக்கும் இருக்கிறது என்று சொல்வார். இங்கே மழை நாட்டில் அதே மதிலுக்குள் இருந்தால் சுவரில் பாசி ஏறும். காலையில் போட்ட துணி மறுநாளும் நனைந்தே இருக்கும். பாயைச் சுருட்டினால் அடியில் ஈரம். மர்யமுக்கு அந்த வீட்டில்தான் இருமல் தொடங்கியது. ஜன்னல் வைக்கலாம் என்று கேட்டேன். தெருவில் போகிறவன் பார்ப்பான் என்றார். கடைசியில் என் உம்மாவின் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். அப்போது பிந்திவிட்டது. ஒன்பது வயதில் மவுத்தானாள்.

அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்பார். நானும் அதைத்தான் சொல்கிறேன். அல்லாஹ்வோடு எனக்கு வழக்கில்லை, அந்த வீட்டோடுதான் வழக்கு. கைரியாவை அந்தத் தெருவில் வைக்க நான் விட மாட்டேன். நீங்கள் என்னைத் திட்டி எழுதினாலும் விட மாட்டேன். அவள் நான் வயிற்றில் சுமக்காத பிள்ளைதான். ஆனாலும் மர்யமுக்கு வாப்பா யாரோ அவளுக்கும் அவர்தானே.

ஒரு வழி சொல்கிறேன். அம்பிட்டியவில் ஒரு வீடு இருக்கிறது. நான் இருக்கும் வீடுதான், என் உம்மா எனக்குத் தந்தது. போன கடிதத்தில் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அதற்கு மதில் இல்லை. ஆனால் பின்பக்கம் முழுக்கக் கோப்பிச் செடி. தோட்டத்தில் துரைமார் தறித்துக் குட்டையாக வைப்பார்கள், எங்கள் வளவில் யாரும் கத்தி வைப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. அடுப்படிக் கதவிலிருந்து கிணற்றுக்கு அதன் நடுவே போகலாம், வரலாம். எவன் கண்ணிலும் படமாட்டீர்கள், காற்று மட்டும் உள்ளே வரும். உங்கள் ஊர் முடுக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே பச்சை அவ்வளவுதான். முன்பக்க விறாந்தைக்கு மூங்கில் தட்டி சொல்லியிருக்கிறேன். உங்கள் உம்மாவிடம் மறைப்பு இருக்கிறது என்று சத்தியமாகச் சொல்லலாம்.

அந்தப் பொம்பளை இருக்கிற தெருவாக இருக்கக் கூடாது என்றீர்கள். இருக்காது. மூன்று மாதத்துக்கும் நான் அக்குறணையில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை. “ஒங்கட ஊட்ட அவங்களுக்குக் குடுத்துட்டு நீங்க எனத்துக்கு இங்க வரணும்? பெரிய ஊடுதானே, ரெண்டு பேரும் ஈக்கலாமே” என்றான். லாத்தா கேட்டது அமைதியான வீடு, நானும் அங்கே இருந்தால் அமைதி எங்கேயிருந்து வரும் என்றேன். சிரித்துவிட்டான். அவரும் உங்களோடேயே இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் ஓய்வு.

யோசிக்க நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறைய எடுக்காதீர்கள். இருமல் காத்திருக்காது.

நோன்பின் துஆவில் உங்களை வைத்திருக்கும்
ருக்கியா


அம்பிட்டிய
ஷவ்வால் பிறை 14

இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்து வந்திருக்கும் ஸக்கியா லாத்தா அவர்களுக்கு ஸலாம். கடலும் கரையும் சேதமில்லாமல் கடத்திவிட்ட அல்லாஹ்வுக்கே புகழ்.

‘வருகிறோம், அந்த வீடே போதும்’ என்று நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பார்த்தேன். எனக்கும் அது போதும். அவர் உங்களை அழைத்துவரக் கொழும்புக்குப் போய்விட்டார். நான் இன்று மத்தியானம் கரத்தையில் அக்குறணைக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் வந்ததும் வாசிக்க அலுமாரி மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டைப் பற்றிச் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொன்னால் பாதியை மறந்துவிடுவார்.

கைரியாவைக் கிழக்கு அறையில் படுக்க வையுங்கள். அந்த அறைக்குத்தான் முதல் வெயில். இராக் குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்த வேண்டாம், போர்வையைக் கூட்டுங்கள். பெட்டியில் இரண்டு கம்பளி இருக்கிறது, இரண்டும் துவைத்தது. பால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பொம்பளை கொண்டுவருவாள். அவளுக்குத் தமிழ் வராது, உங்களுக்குச் சிங்களம் வராது, அதனால் சண்டை வராது. மழை பெய்த அன்று கோப்பிச் செடிக்குள் போனால் அட்டை ஏறும். பிடித்து இழுக்காதீர்கள், உப்பு வையுங்கள். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் சிரட்டையில் உப்பு வைத்திருக்கிறேன். செடியில் பழம் சிவந்து கிடக்கிறது. பறித்து விற்கிறது தம்பி, அவனுக்கு நஷ்டம்தான், ஆனால் நீங்கள் இருக்கும்வரை பறிக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு ஆசையென்றால் அவள் பறிக்கட்டும்.

அவரிடம் வேலை வாங்குங்கள். தண்ணீர் இறைப்பார், சொன்னால்தான் செய்வார். உங்கள் ஊரில் மாப்பிள்ளை மாமியார் வீட்டு விருந்தாளி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே அந்த மரியாதையெல்லாம் நிக்காஹ் முடிந்து பதினாறு நாளோடு தீர்ந்துவிட்டது.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் விட்டுவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தப்படுவேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள மேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மர்யமை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தேறினால் நானே நடந்து ஏறுவேன் உம்மா, நீங்கள் கீழே நின்று பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மேட்டிலிருந்து கீழே இறக்கும்போதும் தூக்கித்தான் இறக்கினார்கள். கைரியா இன்ஷா அல்லாஹ் தேறுவாள். நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், ஒரு நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்த மேட்டை அவள் நிற்காமல் நடந்து ஏறட்டும். முதல் நாள் அக்குறணைக்கு ஆள் அனுப்பிச் சொன்னால் போதும். நான் கீழே ரோட்டோரம் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்பேன். நான் யார் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. அவள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் திரும்பிப் போய்விடுவேன்.

அல்லாஹ் உங்கள் மகளுக்கு நெஞ்சு நிறைய மூச்சைத் தருவானாக.

உங்கள் தங்கை,
ருக்கியா