பிரசாதப் பையில் அந்த பிஸ்கட்

குனோங் ராபாட், ஈப்போ
சனிக்கிழமை

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

தங்கை தினேஸ்வரி எழுதுவது. அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. சிங்கப்பூரில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசினால் அம்மா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் உடனே படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் இன்று சிங்கப்பூர் வரும் சின்னையா மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விசாரணை அடுத்த செவ்வாய் இல்லை, அதற்கடுத்த செவ்வாய். ஐந்து வருடம் கவுண்டரில் நின்று பிஸ்கட் விற்ற என்னை, கறுத்த முகம் முன்னால் நின்றால் வியாபாரம் ஆகாது என்று புதிய மேனேஜர் பேக்கிங்குக்குத் தள்ளினார். தொழிலாளர் இலாகாவில் அதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. கூட நின்று கேட்ட புனிதா அக்கா சாட்சிக்கு வருவாரா என்பதுதான் பயம்.

வாங்காதீர்கள் என்று நீங்கள் ஃபேஸ்புக்கில் போட்ட பதிவைப் பார்த்து நம் ஆட்கள் ஒரு மாதம் அந்த பிஸ்கட்டைத் தொடவில்லை. சந்தோஷப்பட்டேன். கம்பெனி உடனே ஓவர்டைமை நிறுத்தியது. யாருக்கு? பேக்கிங்கில் நிற்கும் நம் பெண்களுக்கு. மேனேஜரின் கார் கூட மாறவில்லை. நேற்று புனிதா அக்கா வாசலில் நின்று, நீ ரோஷக்காரி, கேஸ் போட்டுட்ட, என் வீட்டு அடுப்பு என்ன பண்ணும் லா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோயில் கூத்தையும் கேளுங்கள். ஆடித் திருவிழாவுக்கு வருடா வருடம் அந்தக் கம்பெனிதான் பிஸ்கட் பெட்டிகள் தரும். இந்த முறை வேண்டாம் என்று மைக்கில் முழங்கினார் கோயில் தலைவர் சன்னாசி. நேற்று பூசை முடிந்ததும் அவரே என் கையில் பிரசாதப் பையைத் தந்தார். சுண்டல், வாழைப்பழம், அடியில் அந்த பிஸ்கட். கேட்டதற்கு, சாமிக்குப் படைச்சாச்சு, இனி அது கம்பெனி சாமான் இல்லம்மா என்கிறார். பிரசாதத்தைக் குப்பையில் போட முடியுமா? அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது அண்ணே. அதுதான் வயிறு எரிகிறது.

கம்பெனி ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறது. புகாரை மீட்டுக்கொண்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் எனக்குக் கவுண்டர், எல்லாருக்கும் ஓவர்டைம். கையெழுத்துப் போட்டாச்சா என்று புனிதா அக்கா இன்று காலையில் மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார். இது அம்மாவுக்குத் தெரியாது.

இனி எந்தப் பதிவும் போடாதீர்கள். விசாரணை வரை காத்திருக்காமல் இந்தத் திங்கட்கிழமையே பஸ் ஏறி வாருங்கள். அம்மா கேட்டால் முட்டியைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். விசாரணையில் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும், பேசவே வேண்டாம். நீங்கள் வரும்வரை அந்தக் காகிதத்தில் பேனாவை வைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
தினேஸ்வரி