தண்ணீரில் ஊறிய குரூப் போட்டோ

வியாழன் இரவு.

எர்ணாவூர் படிப்பக பீரோவில் வெள்ளம் புகுந்ததில் குப்பத்துப் பழைய போட்டோக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. அப்படியே பிய்த்தால் கிழியும் என்பதால், நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, நிழலில் காயவைத்துவருகிறேன்.

கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரின் முகத்தைத் தேடி இன்று செல்வியக்கா வந்தார். வேறு படமே அவரிடம் இல்லை. புதுப் படகுக்குப் பூஜை போட்ட அன்று எடுத்த குரூப் போட்டோவை மெல்லப் பிரித்தேன். கணவரின் முகம் மட்டும் உரிந்து வெள்ளையாகிவிட்டது.

"வுடு நைனா," என்றார் அக்கா. "என் தோள் மேல அவரு கை கீது பாரு."

காய்ந்ததும் வாங்கிக்கொண்டு போனார்.

பிரிக்காத கட்டுகள் இன்னும் தண்ணீரில் கிடக்கின்றன. அவற்றில் யார் யார் முகமோ. நாளைக்குத் தொடவே பயமாக இருக்கிறது.