வலது கால்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து பல், பல், பல். கடைசியாக வந்தவருக்கு ரூட் கனால், இடுப்பு விட்டுப்போயிற்று. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறேன், வீட்டில் ஒரு வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. மகள் படிக்கப் போனதிலிருந்து இவரும் நானும் பேசிக்கொள்வது "சாப்பாடு ஆச்சா?", "கதவைப் பூட்டினியா?" அவ்வளவுதான். ஞாயிறு ஒன்றுதான் இருவருக்கும் விடுமுறை. அதையும் கோல்ஃப் என்கிற சக்களத்தி கொண்டுபோய்விட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "பின்னாடி ஆடுறவங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. கொஞ்சம் பழகிட்டு வாயேன்" என்றார்.

பழகுகிறேன். வேறென்ன செய்ய?

மார்ச் 7, சனி

பயிற்சித் திடல். கையில் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை. மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டுமாம், தரை அப்புறம்தானாம். எனக்கு எப்போதும் தரைதான் முதலில். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்தேன், முழங்காலைத் தளர்த்தினேன், பயிற்சியாளர் சொன்ன எல்லாம் செய்தேன். "அடிக்கும்போது பாரம் இடது காலுக்கு வரணும் டாக்டர்." வந்தால்தானே!

மார்ச் 11

மணிக்கட்டு வலி. போகவில்லை.

மார்ச் 14, சனி

பயிற்சியாளர் பந்தை நகர்த்தி வைத்தார், பிடியை மாற்றினார், மட்டையையே மாற்றினார். ம்ஹூம். பந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. "டென்ஷன் ஆகாதீங்க டாக்டர்." இதைத்தான் தினமும் நான் நோயாளிகளிடம் சொல்கிறேன். எவ்வளவு எரிச்சலான பேச்சு!

அடுத்த வாரம் ஞாயிறு இவரோடு மைதானத்துக்குப் போகிறேன். அங்கும் சொதப்பினால் விட்டுவிடுவேன். அப்புறம் அவர் ஞாயிறு அவருக்கு, என் ஞாயிறு எனக்கு. கெஞ்சத் தெம்பு இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

புல்லைக் கொத்தினேன். மறுபடியும் கொத்தினேன். பின்னால் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு இவர் பக்கத்தில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வலது காலை எடு."

"எதுலேருந்து?"

"பெடல்லேருந்து. இன்னும் மெஷினை மிதிச்சுக்கிட்டே இருக்கே."

குனிந்து பார்த்தேன். ஷூ நுனி புல்லில் அழுந்திக் கிடந்தது. எதையாவது குறி பார்த்துச் செய்யும்போது என் வலது கால் தானாகவே பல் குடையும் டிரில் மெஷின் பெடலை மிதிக்கும். இத்தனை வருடத் தொழில். பாரம் எப்படி இடது காலுக்கு வரும்? பயிற்சியாளருக்கே பிடிபடவில்லையே!

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்ல பாக்கறேனே. உனக்கு என்மேல கோபம்னா, சாப்பிடறப்ப மேஜைக்கடியில இந்தக் கால்தான் அழுத்தும்."

வலது குதிகாலை எழ விட்டு அடித்தேன். டக். கையில் அதிர்வே இல்லை. பந்து எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. இவர் கைதட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு — தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே மனுஷன்!

மார்ச் 24, செவ்வாய்

ஓயாத வேலை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வலது கால் அழுத்தியிருக்கும் போல, எனக்கே தெரியவில்லை. இவர் மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, சொல்லு" என்றார்.