ஒரே குடும்பம், வேறு இனம்

இன்று காலை அன்புவழிபுரத்தில் என் வீட்டு முன் கம்பியில் ஒரு குண்டுக்கரிச்சான் வந்திருந்து பாடியது. என் மடியில், நீங்கள் குருவிகளை வரைந்து குறிப்பெழுதிவைத்த கொப்பி. உங்களை அடக்கம் செய்த பின் உங்கள் மனைவி தந்தது.

ஓர்ஸ் ஹில்லில் உங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் விறகு கொண்டுவந்தவன் நான். நீங்கள் என்னை ‘விறகு’ என்றீர்கள். அலுவலக எழுத்தரான உங்களை நான் ‘கிளாக்கர்’ என்றேன். உங்களுக்குப் புத்தகத்துக் குருவி தெரியும், எனக்குக் காட்டுக் குருவி. வீட்டுப் பக்கம் நிற்கும் குண்டுக்கரிச்சான்தான் பெண்சாதி, காட்டில் செங்கல் நிற வயிறும் நீள வாலுமாக நிற்பது விறகு வெட்டப் போன புருஷன் என்று நான் அடித்துச் சொன்னேன்.

“அது சோலைபாடி. ரெண்டும் ஒரே குடும்பம், வேற வேற இனம். முந்திப் பூங்குருவிக் குடும்பத்தில வைச்சிருந்தவை, இப்ப ஈபிடிப்பான் குடும்பத்துக்கு மாத்திப்போட்டினம்.”

“அதுகளும் இடம்பெயர்ந்திட்டுதுகளோ? நிவாரணம் குடுத்தவையோ?”

“பகிடியை விடும். ரெண்டும் அழியிற ஆபத்தில இல்லை. பட்டியலில கவலை குறைவு எண்டு போட்டிருக்கு.”

“ஆருக்கு, கிளாக்கர்?”

சோலைபாடியின் பாட்டை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகத்தான் என் சைக்கிள் கரியரில் ஏறினீர்கள். பாலையூற்றுக்கு அப்பால், சென்றிக் காவலரணில் மறித்த ஆமிக்காரன் கொப்பியைப் புரட்டினான். படங்கள், அம்புக்குறிகள், இங்கிலீசு எழுத்து. “மெப்?” என்று கேட்டான். வரைபடமோ என்றுதான். அப்படிக் கேட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை.

அப்போது மண்மூட்டைகளுக்குப் பின்னால், பற்றைக்குள் இருந்து அது பாடியது. ஒரு தொண்டையில் மூன்று குரல். ஒன்று இறங்குமுன் மற்றது ஏறியது. கோடாலியோடு எத்தனையோ தரம் அந்தப் பாட்டுக்குக் கீழே நின்றவன் நான். அன்றுதான் கேட்டேன்.

நீங்கள் பயத்தை மறந்து படத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். அவனும் காது கொடுத்தான். கரிச்சான் படத்தில் விரல் வைத்து “பொல்கிச்சா” என்றான். பக்கத்தைத் திருப்பிச் சோலைபாடியைக் காட்டி “வல் பொல்கிச்சா” என்றான். காட்டுக் கரிச்சான். அவனுடைய சிங்களப் பாஷையிலும் இரண்டும் ஒரே குடும்பம். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, “இதை எழுத ஏலாது, விறகு” என்றீர்கள்.

இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். கரிச்சான்: கவலை குறைவு. சோலைபாடி: கவலை குறைவு. அதன் கீழே மூன்றாவதாக ஒன்று. “விறகு. குரல் ஓயாது. குடும்பம் எங்கடது. கவலை குறைவு.”

கடைசி இரண்டு சொல் இன்றைக்குப் பிழை, கிளாக்கர். ஆனாலும் நான் வெட்டவில்லை.