தடையுத்தரவில் விடுபட்ட இரு பெயர்கள்

அனுப்புநர்:
ச. சிற்றம்பலம்,
செயலாளர், கமக்காரர் அமைப்பு,
பனிச்சையடி, முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
நிலையப் பொறுப்பதிகாரி அவர்கள்,
பொலிஸ் நிலையம்,
பனிச்சையடி.

விடயம்: 12.06.2023 அன்று வாசிக்கப்பட்ட தடையுத்தரவில் எனது பெயரும் என் மனைவியின் பெயரும் இல்லாமை தொடர்பானது

மதிப்பிற்குரிய ஐயா,

1. எமது கிராமத்தின் வயற்காணி நூற்றுப் பதினான்கு ஏக்கர் 2009 முதல் படைமுகாமின் வேலிக்குள் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை விடுவிக்குமாறு கோரி, கடந்த மார்ச் 6ஆம் திகதி முதல் நாங்கள் முப்பத்து மூன்று பேர் முகாம் வாசலுக்கு எதிரே கொட்டகை போட்டு அமர்ந்திருக்கிறோம். நாலு பேர் கூடி நின்றாலே குற்றம் என்று அரசாங்கம் நினைக்கும் காலம் இது என்பதால் கோஷம்கூடப் போடுவதில்லை. காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிறோம்.

2. எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம்பெயர்ந்த காலம் தொட்டு அரிசிக்கும் மாவுக்கும் தறப்பாளுக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் பெயர் பதிந்தே வாழ்ந்தவர்கள் நாங்கள். பதிவில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை. அதனால் கொட்டகை போட்ட முதல் நாளே பெண்கள் "பதிவு எங்கை?" என்று கேட்டார்கள். நான் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி திறந்தேன். நாளுக்கு ஒரு பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். முதல் வரியில் நான், இரண்டாம் வரியில் என் மனைவி விமலேஸ்வரி, பிறகு மற்றவர்கள். அரசாங்கத்தை எதிர்த்து இருப்பவர்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி வைப்பது எவ்வளவு மடைத்தனம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

3. மே 28ஆம் திகதி சிவில் உடையில் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். என் மகள் யதுர்ஷிகாவுக்கு ஆசிரியர் நியமனம் வரவிருப்பதையும், குடும்பத்தைப் பற்றிய விசாரிப்பு நடப்பதையும் சொன்னார்கள். அந்தக் கொப்பியை ஒருமுறை பார்த்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அவர்கள் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

4. மறுநாள் காலை, மனைவி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, அடிமட்டம் வைத்துச் சவர அலகால் ஒவ்வொரு தாளின் மேல் இரண்டு வரிகளையும் வெட்டி எடுத்தேன். எண்பத்து நாலு நாள், நாற்பத்திரண்டு தாள், நாற்பத்திரண்டு கீலங்கள். பிறகு கொப்பியைச் சந்திக்குக் கொண்டுபோய் அந்த இருவரிடமும் கொடுத்தேன். வாகனத்தின் முன்பக்கத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். ஒருவர் வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஐயா. கொட்டகையில் உள்ளவர்களிடம் கொப்பியைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிப் புதுக்கொப்பி திறந்தேன். அவர்கள் நம்பினார்கள்.

5. ஜூன் 12ஆம் திகதி தாங்களே வந்து நீதிமன்றத் தடையுத்தரவை வாசித்தீர்கள். முகாமிலிருந்து நூறு மீற்றருக்குள் பதினான்கு நாட்களுக்குக் கூடக் கூடாதென முப்பத்தொரு பெயர்கள், நான் எழுதிய அதே ஒழுங்கில் வந்தன. ஒவ்வொருவரும் எழுந்து "ஓம், நான்தான்" என்றார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை. வாசித்து முடிந்ததும் கமலாசனி என்ற பெண் தங்களிடம் வந்தது நினைவிருக்கும். "ஐயா, சிற்றம்பலத்தாரின்ர பேரும் அவரின்ர மனுசியின்ர பேரும் விடுபட்டுப் போச்சு. அவையும் நாள் தவறாமல் வாறவை. எழுதிக்கொள்ளுங்கோ" என்றார். நிவாரணப் பட்டியலில் விடுபட்டவருக்காகப் பரிந்து பேசுவதுபோல எங்களுக்காகப் பேசினார். நான் அவருக்குப் பின்னால் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

6. எரிக்க மனமில்லாமல் அலுமாரியில் ஒரு பிஸ்கட் பேணிக்குள் வைத்திருந்த கீலங்களை அன்று பின்னேரமே என் மனைவி கண்டெடுத்தார். அவர் சத்தம் போடவில்லை. "உங்கட பேரை வெட்டினது உங்கட பயம். என்ர பேரை ஆரைக் கேட்டு வெட்டினீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

7. கொட்டகை இப்போது நூற்றுப் பத்து மீற்றர் தள்ளி நிற்கிறது. கப்புத் தடிகளைப் பிடுங்கி, நாடா வைத்து அளந்து, நாங்களே சுமந்துபோய் நட்டோம். நேற்று அங்கு வைத்து எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன்; விழவில்லை. கமலாசனி, "அப்ப கொப்பியை இனி எங்கட தேனுகாப் பிள்ளை எழுதட்டும். நீங்கள் வாறதெண்டா வாங்கோ, கடைசி வரியிலை கையெழுத்து வையுங்கோ" என்றார். மகளுக்கும் தொலைபேசியில் சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டாள். இன்று காலை முப்பத்து மூன்றாம் வரியில் ஒப்பமிட்டேன். என் கையெழுத்து அழகாக வரவில்லை.

8. ஆகையால் தங்களிடம் தாழ்மையுடன் கேட்பது:

(அ) எனது பெயரையும் என் மனைவியின் பெயரையும் மேற்படி தடையுத்தரவில் சேர்க்க ஆவன செய்தல் வேண்டும். நாங்கள் இருவரும் முதல் நாளிலிருந்து அங்கு இருந்தோம் என்பதற்குச் சான்றாக நாற்பத்திரண்டு கீலங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

(ஆ) அந்த முப்பத்தொரு பேர் மீதும் வழக்கு வைப்பதாயின் எங்களையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

(இ) இனிமேல் பெயர்கள் தேவைப்பட்டால் எவருடைய வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கொப்பியை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னதைக் கொட்டகையில் உள்ளவர்கள் ஏற்கவில்லை. அது கொட்டகை மேசையில் விரித்தபடியே இருக்கும். அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். யாரும் வந்து பார்க்கலாம்.

தடைக்காலம் முடியும் 26ஆம் திகதி காலை எட்டு மணிக்குக் கொட்டகை பழைய இடத்துக்கே திரும்பி வரும் என்பதையும் அறியத் தருகிறேன். கப்பு சுமக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இம்மனுவின் பிரதி ஒன்று கொட்டகையில் ஒட்டப்பட்டுள்ளது. என் மனைவி தன் பெயரைத் தானே எழுதுவதாகச் சொன்னதால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

பனிச்சையடி
19.06.2023

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்துக் கடைசி வரியில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ச. சிற்றம்பலம்

(ஒப்பம்)
விமலேஸ்வரி சிற்றம்பலம்
முதல் நாளிலிருந்து வருகிறேன். இனியும் வருவேன்.